ஒரே சட்டம், இரண்டு வேகம்

திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஒரு பதிப்புரிமை வழக்கில் எதிர்வாதியாக நின்றவர். இந்த வரலாறு அவருடைய சொந்த ஊரில்கூட அதிகம் பேசப்படுவதில்லை. அப்போது அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 'இந்தியத் தத்துவம்' நூலின் இரண்டாம் தொகுதி 1927இல் வெளிவந்து அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்திருந்தது. வழக்குப் போட்டவர் மீரட் கல்லூரியில் தத்துவம் கற்பித்த இளம் ஆசிரியர் ஜதுநாத் சின்ஹா. உதவித்தொகைக்காகக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் தாம் கொடுத்திருந்த ஆய்வேட்டின் பகுதிகள் அந்த நூலில் இடம்பெற்றுவிட்டன என்பது அவருடைய புகார். 1929 ஜனவரியில் 'மாடர்ன் ரிவ்யூ' இதழுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 20,000 ரூபாய் இழப்பீடு கேட்டார்.

ராதாகிருஷ்ணன் புகாரை மறுத்தார். இருவரும் ஒரே வடமொழி மூலநூல்களை விளக்கி எழுதியதால் வந்த ஒற்றுமை அது என்றார். சின்ஹா மீதும் இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜி மீதும் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். 1933இல் இரு தரப்பும் சமரசமாகி, சொன்ன குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற்றன. எது நியாயம் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

அந்த வழக்கில் யார் பக்கம் உண்மை இருந்தது என்பதை இன்று தீர்மானிக்க முடியாது, அதற்காக இதை எழுதவும் இல்லை. வழக்கு நடந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். பெயர் பெறாதவர் கேட்டது 20,000. பெயர் பெற்றவர் திருப்பிக் கேட்டது அதைப்போல ஐந்து மடங்கு. நான்கு ஆண்டு இழுத்தடிப்பு, கடைசியில் தீர்ப்பில்லாத முடிவு. நூறு ஆண்டு நெருங்கும் இந்தக் காலத்திலும் தனியாள் ஒருவர் தம் படைப்புக்காகப் போராடப் போனால் ஏறக்குறைய இதே பாதையில்தான் நடக்கிறார்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தளவில் ஆளைப் பார்ப்பதில்லை. கோடிக்கணக்கில் போட்டு எடுத்த படத்துக்கும், மலைப்படியில் அமர்ந்து ஒருவர் எழுதிய கவிதைக்கும் அது உரிமை தருகிறது. வேறுபாடு சட்டம் இயங்கும் வேகத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனம் புகார் சொன்னால் பல நேரங்களில் நடவடிக்கை முதலில் வந்துவிடுகிறது, விசாரணை பிறகு வருகிறது. தனியாள் புகார் சொன்னால் விசாரணை முடிந்த பிறகே எதுவும் நடக்கும், அந்த விசாரணைக்கோ ஆண்டுகள் பிடிக்கும். கேமராவும் குரலும் எழுத்தும் பிழைப்பாக இருக்கும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது இனி ஆபத்து.

ஒரு நாளும் பதின்மூன்று ஆண்டும்

இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010 அக்டோபரில் வெளியானது. அதன் தொடர்ச்சியான '2.0' 2018 நவம்பர் 29 அன்று வந்தது.

'2.0' வெளியாவதற்கு முந்தைய நாள், படத்தைத் தயாரித்த லைக்கா நிறுவனத்தின் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 12,564 இணையதளங்களை முடக்குமாறு 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. படம் அப்போது திரைக்கே வரவில்லை. திருட்டு நடக்கப்போகிறது என்ற நியாயமான அச்சமே உத்தரவுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஆயிரக்கணக்கான தளங்களின் தரப்பை முன்கூட்டிக் கேட்கவும் இல்லை.

இத்தகைய உத்தரவுகளை இந்திய நீதிமன்றங்களில் 'அசோக் குமார் உத்தரவு' என்பார்கள். அடையாளம் தெரியாத எதிர்வாதிக்குச் சட்டம் வைத்த பெயர் அது. 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த அப்படியோர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை மொத்தமாகவே அடைத்தன. சொந்தக் குறும்படத்தை விமியோவில் போட்டு வைத்திருந்தவரின் பக்கமும் அதில் சேர்ந்து மறைந்தது. முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் திருத்திச் சொன்ன பிறகுதான் நிலைமை சீரானது.

இப்போது 'எந்திரன்' கதைக்கு வருவோம். எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் 1996 ஏப்ரலில் 'இனிய உதயம்' இதழில் 'ஜுகிபா' என்ற கதையை எழுதியிருந்தார். படத்தின் கதை தம்முடையது என்று 2010இல் வழக்குப் போட்டார். அவருடைய உரிமையியல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2023 ஜூனில். பதிப்புரிமை மீறப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அவர் தொடுத்திருந்த குற்றவியல் புகாரை அடிப்படையாக வைத்து அமலாக்கத் துறை 2025 பிப்ரவரியில் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்த முடக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

எழுத்தாளர் தோற்றது அநீதி என்று சொல்ல வரவில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே வகுத்துவிட்டது. அந்த அளவுகோலில் கதைத் திருட்டை நிரூபிப்பது எவருக்கும் கடினம். ஆனால் தோற்பதானாலும் ஒருவர் ஓரிரு ஆண்டில் தோற்றுவிட்டு அடுத்த கதையை எழுதப் போகவேண்டும். ஒரு தரப்புக்குப் படம் வருவதற்கு முன்பே உத்தரவு கிடைத்தது. மறு தரப்புக்கு 'இல்லை' என்ற ஒரு சொல் கிடைக்கவே பதின்மூன்று ஆண்டு ஆனது. இந்த இடைவெளியைத்தான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனியாள் ஒருவருக்கு விரைவாகப் பலன் கிடைத்த வழக்கும் உண்டு. அது எப்படிக் கிடைத்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. 2018 தீபாவளிக்கு 'சர்கார்' வரவிருந்தது. தாம் எழுதிய 'செங்கோல்' கதையோடு அது ஒத்துப்போகிறது என்று வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். அந்தக் கதையை அவர் 2007லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, ஒற்றுமை இருப்பதாக எழுத்தில் சொன்னார். படம் வெளியாக ஒரு வாரம் இருக்கையில், அக்டோபர் 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. படத்தில் அவருக்கு நன்றி சொல்ல ஒப்புக்கொண்டார்கள்.

வருணுக்கு உதவியவை மூன்று. பதினோரு ஆண்டுக்கு முந்தைய பதிவுச் சான்று, ஆராய்ந்து கருத்துச் சொல்ல ஒரு சங்கம், தள்ளிப்போட முடியாத வெளியீட்டுத் தேதி. இவற்றில் மூன்றாவது எவர் கையிலும் இல்லை. முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

யாருக்காக எழுதப்பட்ட தண்டனை?

வேகத்தில் மட்டும் வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் சட்டத்தின் எழுத்திலேயே அது புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டம் 1982இல் வந்தது. 2004இல் அதில் 'வீடியோ திருடர்கள்' என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தில் பிடிபட்டால் வழக்கு விசாரணை இல்லாமலேயே ஓராண்டு வரை காவலில் வைக்கலாம்.

அந்தப் பிரிவு யாரைக் காக்கிறது என்று பாருங்கள். திரைப்படத்தின் பதிப்புரிமையையும், அதன் ஒலித்தடம் அடங்கிய இசைத்தட்டின் பதிப்புரிமையையும் மீறுகிறவர்தான் அதன்படி 'வீடியோ திருடர்'. நாவலைத் திருடி அச்சிட்டவர், ஒளிப்படக்காரரின் படத்தைக் காலண்டரில் போட்டு விற்றவர், தெருக்கூத்துக் கலைஞரின் பாட்டைத் தம் பெயரில் பதிவுசெய்து விற்றவர் யாரும் அதற்குள் வரமாட்டார்கள். மாநிலத்தின் மிகக் கடுமையான சட்டங்களுள் ஒன்றில் இந்தப் பிரிவு சினிமாவின் முதலீட்டைக் காக்கவே எழுதப்பட்டது. எழுத்தும் ஓவியமும் நாட்டார் கலையும் அதன் வேலிக்கு வெளியே நிற்கின்றன.

பொதுவான பதிப்புரிமைச் சட்டமும் இலேசானதன்று. அதன் 63ஆம் பிரிவில் குறைந்தபட்சம் ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பிணையில் வர முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 64ஆம் பிரிவின்படி உதவி ஆய்வாளர் ஒருவரே வாரன்ட் இல்லாமல் பொருள்களைக் கைப்பற்றலாம்.

இந்தப் பிரிவுகள் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் அவற்றை இயக்க ஆள் வேண்டும். பெரிய இசை நிறுவனங்களுக்குக் கடை கடையாகப் பார்த்துப் புகார் எழுதிக் கொடுக்கத் தனிப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் மொபைல் கடைக்காரர் அவர்களுடைய கண்ணில் முதலில் படுகிறார். அவர் செய்வதும் சட்டப்படி குற்றந்தான். சிறிய கடை என்பதால் விலக்கு ஒன்றும் இல்லை, அதை அவர் விட்டுவிட வேண்டும். ஆனால் அதே காவல் நிலையத்துக்கு ஒரு கவிஞர் போய், 'என் பாட்டை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது' என்று புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? 'இது சிவில் சமாச்சாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரே சட்டத்தின் ஒரே பிரிவு ஒருவருக்குக் குற்றவழக்காகவும் இன்னொருவருக்கு சிவில் சச்சரவாகவும் மாறுகிறது.

இயந்திரம் கொடுக்கும் தீர்ப்பு

இன்று பெரும்பாலான பதிப்புரிமைத் தகராறுகள் நீதிமன்ற வாசலையோ காவல் நிலையத்தையோ மிதிப்பதில்லை. அவை யூடியூபின் கணினிக்குள் தொடங்கி அங்கேயே முடிகின்றன. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிகள் மலையேறும்போது வழியெங்கும் ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு கேட்கும். டி.எம். சௌந்தரராஜன் குரலும் சீர்காழி கோவிந்தராஜன் குரலும் அவற்றில் முன்னிற்கும். உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டை ஒலிக்கவிடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் இதே விலக்கு உண்டு. இவற்றுக்காக யாரும் கட்டணம் கேட்கக் கூடாது என்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் அறிவிப்பே வெளியிட்டது.

இந்த விலக்கு மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. காவடியைப் படம் பிடிக்கும் இளைஞரின் வீடியோவில் அந்த ஒலிபெருக்கிப் பாட்டும் பதிவாகிறது. அதை அவர் யூடியூபில் ஏற்றினால், 'கன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி அமைப்பு பாட்டை அடையாளம் கண்டு, ஒலிப்பதிவின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் போடுகிறது. பிறகு வீடியோவை முடக்குவதா, அதன் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா என்பது அந்த நிறுவனத்தின் விருப்பம். அது கோவில் விழாவா, பாட்டு எத்தனை நொடி பின்னணியில் கேட்டது என்பவற்றைக் கணினி எடை போடுவதில்லை.

பாட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லாதபோதும் சிக்கல் வரலாம். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைத் திருத்தணியில்தான் இயற்றினார் என்பது மரபு. அவர் மறைந்தது 1835இல். படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற இந்தியக் கணக்குப்படி அவருடைய கிருதிகள் எல்லோருக்கும் சொந்தம். அருணகிரிநாதரின் திருப்புகழும் அப்படியே. ஆனால் அவற்றைப் பாடிப் பதிவுசெய்த ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு, இந்தியாவில் அது வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். ஒரு மாணவி தம் குரலில் பாடியதையும் கணினி வேறொருவரின் ஒலிப்பதிவாகக் கருதிவிடக்கூடும்.

இது கற்பனை அச்சம் அல்ல. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்த பாக் இசையை முகநூலில் போட்டார். அதில் 47 நொடி சோனி மியூசிக்குச் சொந்தம் என்று சொல்லி ஒலியை நிறுத்திவிட்டார்கள். பாக் இறந்தது 1750இல். விஷயம் ஊடகங்களில் பெரிதான பிறகே உரிமைகோரல் விலக்கப்பட்டது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து இணையத்தில் கச்சேரி செய்த மேற்கத்தியச் செவ்வியல் கலைஞர்கள் பலருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது.

தவறு எவ்வளவு நடக்கிறது என்பதற்கு யூடியூபே கணக்குத் தந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கு மேற்பட்ட உரிமைகோரல்கள் வந்தன. அவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேல் தானியங்கி. எதிர்த்துக் கேட்கப்பட்டவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படிக் கேட்டவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் வென்றார்கள், ஏறத்தாழ 22 லட்சம் உரிமைகோரல்கள் விலக்கப்பட்டன. கேட்டவர்களில் பாதிக்கு மேல் வெல்லும்போது, கேட்கவே அஞ்சி ஒதுங்கியவர்களில் எத்தனை பேரிடம் நியாயம் இருந்திருக்கும்?

கன்டென்ட் ஐடி எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. யூடியூபில் அடிக்கடி ஏற்றப்படும் ஏராளமான படைப்புகளின் தனி உரிமை வைத்திருப்போருக்கு மட்டுமே அது தரப்படுகிறது. தன் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டதைக் கண்ட தனிக் கலைஞர் படிவம் நிரப்ப வேண்டும். நிறுவனத்துக்குக் கணினி இரவும் பகலும் காவல் நிற்கிறது. தனியாள் தானே தேடி, தானே கண்டுபிடித்து, தானே எழுத வேண்டும்.

உரிமைகோரலை விடக் கடுமையானது, சேனல் மீது விழும் 'ஸ்ட்ரைக்' என்ற எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே நீக்கப்படும். பல ஆண்டு உழைப்பும் வருமானமும் ஒரே நாளில் போகும். மறுப்பு அறிவிப்பு கொடுக்கலாம். ஆனால் அதில் பெயரையும் முகவரியையும் எழுதி, யூடியூப் இருக்கும் அமெரிக்கப் பகுதியின் நீதிமன்ற அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்தணியில் இருக்கும் ஒருவருக்கு அந்த வரியே போதும், பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இந்த அச்சம் பேரத்துக்கு எப்படிக் கருவியாகும் என்பது 2025 மே மாதம் வெளியே வந்தது. ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காகத் தமக்கு ஸ்ட்ரைக் வந்ததாகவும், அவற்றை நீக்கி உரிமம் தர 40 லட்சத்துக்கு மேல் கேட்கப்பட்டதாகவும் யூடியூபர் மோஹக் மங்கல் வெளிப்படையாகச் சொன்னார். தன் உரிமையைக் காப்பதாகச் சொன்ன ஏஎன்ஐ, அவர் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. நடப்பு நிகழ்வுகளைப் பற்றிச் சொல்லவும் விமர்சிக்கவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அது எந்த அளவு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி. மூன்றாவது ஸ்ட்ரைக்கை அஞ்சி நிற்பவருக்கோ நீதிபதி வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை.

மூடப்பட்ட கதவு

சிறியவர்களுக்கு ஏற்ற மன்றம் நம்மிடம் முன்பு இருந்தது. பதிப்புரிமை வாரியம் ராயல்டி, உரிமை ஒப்படைப்பு போன்ற தகராறுகளை விசாரித்தது. 2017இல் அதன் வேலை அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2021 ஏப்ரலில் அந்த வாரியமும் கலைக்கப்பட்டது. இப்போது எல்லாம் உயர் நீதிமன்றங்களிலும் வணிக நீதிமன்றங்களிலும் குவிகிறது.

நாம் மூடிய காலத்தில் மற்ற நாடுகள் திறந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தில் பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துத் தகராறுகளுக்கு 2012இல் எளிய சிறுவழக்குப் பிரிவு தொடங்கியது, இப்போது அங்கே 10,000 பவுண்டு வரை கோரலாம். வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே வழக்காடலாம். அமெரிக்காவில் 2022 ஜூனில் பதிப்புரிமை உரிமைகோரல் வாரியம் வந்தது. நூறு டாலர் கட்டணத்தில் 30,000 டாலர் வரை கோரலாம், விசாரணை இணையவழியே நடக்கும். இங்கே 5,000 ரூபாய் மதிப்புள்ள ஒளிப்படத்தைத் திருட்டுக் கொடுத்தவர் அதற்குப் பத்து மடங்கு செலவழித்தால்தான் கேள்வியே கேட்க முடியும். அதனால் கேட்பதில்லை. கேட்கமாட்டார்கள் என்பது எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியும்.

பெயர்பெற்ற படைப்பாளிகளுக்கே சட்டம் எளிதில் வளைந்து கொடுத்ததில்லை. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதவோ இசையமைக்கவோ வைத்தால், படத்தில் அந்தப் பாட்டின் உரிமை அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தங்கள் பாட்டு ஈட்டும் வருமானத்தில் சம பங்கு பெறும் உரிமையைப் பாராளுமன்றம் தந்தது 2012இல். இடையில் போனவை முப்பத்தைந்து ஆண்டு. ஊரறிந்தவர்களுக்கே இத்தனை காலம் என்றால், ஊர் அறியாதவர்கள் காத்திருந்து வெல்வோம் என்று நம்பக் கூடாது.

அடுத்த அலையும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கத் திருட்டு நூலகங்களிலிருந்து புத்தகங்களைத் தரவிறக்கிய வழக்கில், அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 செப்டம்பரில் 150 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. புத்தகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கு மட்டுமே அந்தப் பணம். அங்கே பதியாத தமிழ் நூல் அந்தத் திருட்டு நூலகத்தில் இருந்திருந்தாலும் அதன் ஆசிரியருக்கு அதில் பங்கு கிடையாது. படைத்ததாலேயே உரிமை பிறக்கிறது என்பது சட்டம். பதிந்தவருக்கே பணம் என்பது நடைமுறை.

இப்போதே செய்ய வேண்டியவை

மன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் சிறியவர்களுக்குச் சாதகமான பிரிவுகள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர் குறைவு.

முதலாவது, சான்று. பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிய முடியாதவற்றுக்குக் கேமராவின் மூலக் கோப்பு, கையெழுத்துப் பிரதி, தேதியோடு அனுப்பிய மின்னஞ்சல் இவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். திரைக்கதை எழுதுகிறவர்கள் எவரிடமும் கதை சொல்லும் முன் சங்கத்தில் பதிந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தம். உரிமை ஒப்படைப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை திரும்பிவிடும். பக்திப் பாட்டு ஆல்பத்துக்குப் பாடுகிறவர்கள், 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி வரும் எல்லா ஊடகங்களிலும்' என்ற வரி இருந்தால் அங்கேயே நிறுத்திப் பேச வேண்டும். அந்த ஒரு வரி காலத்துக்கும் இடத்துக்கும் சட்டம் வைத்த பாதுகாப்பை அடித்துவிடும்.

மூன்றாவது, முகூர்த்த நாள்களில் மலையிலும் மண்டபங்களிலும் ஓயாமல் வேலை பார்க்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு. காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்த நினைத்தால், முன்பணம் வாங்கும்போதே ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக எடுத்த கோபுரமும் தெப்பமும் உங்களுடையவை.

நான்காவது, மறுப்பு. உரிமைகோரலும் ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல, எது வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உரிமைகோரலை ஐந்து நாளுக்குள் மறுத்தால், முடிவு தெரியும்வரை வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். உங்கள் குரல், பழைய பாட்டு என்றால் அஞ்சாமல் மறுங்கள். பணம் கேட்டு யாராவது பேசினால் எந்தப் படைப்பு, யார் உரிமையாளர், என்ன சான்று என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டுகிறவர் மீது 60ஆம் பிரிவின்படி நீங்களே வழக்குத் தொடரலாம். உண்மையிலேயே பிறருடையதை எடுத்திருந்தால் உடனே நீக்குங்கள்.

ஐந்தாவது, நீதிமன்றம். படைப்பாளி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடம் தருகிறது. திருத்தணிக்காரர் மும்பைக்கு ஓட வேண்டியதில்லை, திருவள்ளூர் போதும். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானத்தினருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரும்.

இவையெல்லாம் தனியாள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். அரசு செய்ய வேண்டியது தனியே இருக்கிறது. சிறு தொகைத் தகராறுகளை ஆறு மாதத்தில் முடிக்கும் மன்றம் மாவட்டந்தோறும் வேண்டும். பொய்யான உரிமைகோரலுக்கு, போட்டவர் இழப்பீடு தர வேண்டும். இந்தியரின் சேனல் மீதான தகராறு இந்திய நீதிமன்றத்திலேயே தீர வேண்டும். படைப்புகளில் சினிமாவுக்கு மட்டும் குண்டர் தடுப்புச் சட்டம் காவல் நிற்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். திரைத் துறை ஒன்றுபட்டுக் கேட்டதால் 2004இல் ஒரு சட்டம் மாறியது. எழுத்தாளர்களும் ஒளிப்படக்காரர்களும் பாடகர்களும் யூடியூபர்களும் இதுவரை அப்படி ஒன்றுகூடிக் கேட்டதில்லை. தனித்தனியாக நோட்டீஸ் வாங்கித் தனித்தனியாகப் பணிந்துபோகும்வரை இந்த இரண்டு வேகமும் அப்படியே நீடிக்கும்.